கோபத்துக்குக் கூட்டம் சேர்க்காதீர்!



இறையச்சம் உடையோர் யாவர் என்பதை அல்லாஹ் தன் அருள்மறையின் ஆலஇம்ரான் அத்தியாயத்தில் எடுத்துரைக்கின்றான். வளமான காலத்திலும் வறிய காலத்திலும் அறம் செய்வோர், கோபத்தை விழுங்கிக்கொள்வோர், மனிதர்களின் பிழைகளை மன்னிப்போர் என்று அவர்களுடைய பண்புகள் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. கோபமே வராதவர்கள் என்று இறைவன் கூறவில்லை என்பதைச் சற்றே கவனியுங்கள். வந்த கோபத்தை விழுங்குவோரையே அவன் புகழ்கின்றான். அங்கே ஆளப்பெற்றுள்ள ‘கள்ம்’ என்னும் அரபுச் சொல்லுக்கு, நீர் நிரம்பிய தோல்பையின் வாயை இறுக்கிக் கட்டுதல் என்னும் பொருளை மொழியறிஞர் காட்டுவர். பை நிரம்பித்தான் இருக்கின்றது. ஆயினும் ஒரு துளியும் வெளியே சிந்தவில்லை. இறையச்சமுடைய மனிதனின் நிலை இதுவே.

காட்டில் தனித்து வாழ்பவனுக்கு இந்தப் பண்பு தேவைப்படுவதில்லை. அவன் யார் மீது கோபம் கொள்வான்? சுவரோடு சுவராகவும், படியோடு படியாகவும், குழாயோடு குழாயாகவும் கூடி வாழ்கின்றவர்களுக்கே இது நாள்தோறும் வேண்டியிருக்கின்றது. ஆகவே, கூடி வாழும் இடத்தில் கோபத்தை எங்ஙனம் ஆள்வது என்பதை மார்க்கத்தின் ஒளியில் இன்று சிந்திப்போம்.

நம் சுற்றுப்புறம்

சென்னைக்கு மேற்கே நாம் வாழும் பகுதியை எண்ணிப் பாருங்கள். 1961ஆம் ஆண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. அதே பத்தாண்டுகளில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. பிழைப்பை நாடிப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். பழம்பெரும் ஊராகிய பூவிருந்தவல்லியும் நாளடைவில் நகரத்தோடு ஒன்றாயிற்று. வயல்களும் தோப்புகளும் இருந்த இடங்களில் வரிசை வீடுகளும், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும், அடுக்குமாடி வீடுகளும் தோன்றின.

இன்று ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குவோரில் தமிழ் பேசுவோரும் உள்ளனர். உருது பேசுவோரும் உள்ளனர். தெலுங்கு, மலையாளம், இந்தி பேசுவோரும் உள்ளனர். ஒரே பள்ளிவாசலின் தொழுகை வரிசையில் ஹனஃபி மத்ஹபினரும் ஷாஃபி மத்ஹபினரும் தோளோடு தோள் நிற்கின்றனர். ஒரு சுவருக்கு அப்பால் இந்துக் குடும்பம், மறு சுவருக்கு அப்பால் கிறிஸ்தவக் குடும்பம். இது அல்லாஹ் நமக்கு அளித்த நல்வாய்ப்பு. சோதனைக் களமும் இதுவே.

சோதனை பெரிய உருவில் வருவதில்லை. மேல்வீட்டில் உலர்த்திய ஈரத்துணி கீழ்வீட்டு அரிசி மீது சொட்டுகின்றது. ஒருவர் தம் ஸ்கூட்டரைப் பிறர் வழியில் நிறுத்திவிட்டுச் செல்கின்றார். தண்ணீர் மோட்டாரை ஒருவர் போடுகின்றார், நிறுத்த மறந்துவிடுகின்றார், மின் கட்டணம் எல்லார் தலையிலும் விழுகின்றது. ஒருவர் குழந்தை மற்றவர் குழந்தையை அடித்துவிடுகின்றது. நோயாளி உறங்கும் வேளையில் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி அலறுகின்றது. இவற்றில் எதுவும் பகைக்குரிய காரணம் அன்று. ஆயினும் நம்மிடையே முளைத்த பகைகளின் வேரைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் இத்தகைய அற்பக் காரணங்களே கிடைக்கும்.

எல்லாவற்றினும் தண்ணீரே பெரிய சோதனை. 2019ஆம் ஆண்டுக் கோடையை நம் பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது. பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி உள்ளிட்ட, சென்னைக்குக் குடிநீர் தரும் பெரிய நீர்த்தேக்கங்கள் ஏறத்தாழ வறண்டு கிடந்தன. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் இரயில் ஏறி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. தண்ணீர் லாரி வரும் நேரம் தெரியாமல் மக்கள் வெயிலில் குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருந்தனர். அந்த வரிசையில் நிற்கும்போது எவருக்குத்தான் பொறுமை நிலைக்கும்? யாரோ ஒருவர் தம் குடத்தை முன்னே நகர்த்திவிட்டார் என்றால் போதும், பேச்சு தடிக்கும். கை ஓங்கும். இரு வீட்டாரும் பிறகு முகம் பார்ப்பதில்லை.

வாசகர்களே! தண்ணீர்த் துறையில் எழும் கோபம் நமக்கு மட்டும் வந்த சோதனையன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் உடனிருந்த காலத்திலேயே, அவர்களால் பயிற்றப்பெற்ற சமுதாயத்துக்கே அது வந்தது. அல்லாஹ்வின் தூதர் அதனை எவ்வாறு அணைத்தார்கள் என்பது நமக்கு மாபெரும் பாடம்.

முரைஸீஃ நீர்த்துறையில்

மக்காவிலிருந்து அனைத்தையும் துறந்து வந்த முஹாஜிர்களை மதீனாவின் அன்ஸாரிகள் தம் வீடுகளிலும் தோட்டங்களிலும் பங்களித்து ஏற்றுக்கொண்டனர். வேறு ஊர், வேறு குலம், வேறு பழக்கம் உடைய இரு கூட்டத்தார் ஒரே ஊரில் கூடி வாழத் தொடங்கினர். சில ஆண்டுகள் சென்றன. பனூ முஸ்தலிக் குலத்தாரை எதிர்த்துச் சென்ற பயணத்தின்போது, முரைஸீஃ என்னும் நீர்நிலையருகே முஸ்லிம்கள் தங்கியிருந்தனர். இது ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு என்றும் 6ஆம் ஆண்டு என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

நீர் எடுக்க மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தனர். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் குதிரையைப் பராமரித்து வந்த ஜஹ்ஜாஹ் என்பவரும், அன்ஸாரிகளின் உடன்படிக்கைத் தோழரான ஸினான் என்பவரும் அங்கே மோதிக்கொண்டனர். அடியும் விழுந்தது. இருவர் மட்டும் சண்டையிட்டிருந்தால் அது அந்த நாழிகையிலேயே முடிந்திருக்கும். ஆனால் ஒருவர் முஹாஜிர்களைத் துணைக்கு வருமாறு கூவினார். மற்றவர் அன்ஸாரிகளைத் துணைக்கு வருமாறு கூவினார். ஒரு வாளித் தண்ணீரின் வழக்கு, ஒரு நொடியில் இரு சமூகங்களின் வழக்காயிற்று!

கூக்குரல் பெருமானாரின் செவியை எட்டியது. அவர்கள் வெளியே வந்து, அறியாமைக் காலத்து அழைப்பு இங்கே ஏன் ஒலிக்கின்றது என்று வினவினார்கள். நடந்ததைக் கேட்டறிந்ததும், அவ்வழைப்பை விட்டுவிடுமாறும், அது நாற்றமெடுத்தது என்றும் கண்டித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். முஹாஜிர், அன்ஸார் என்பவை இழிந்த பெயர்களா? இல்லவே இல்லை! அல்லாஹ் தன் திருமறையில் போற்றிய பெயர்கள் அவை. தியாகத்தால் ஒன்று கிடைத்தது. உபகாரத்தால் மற்றொன்று கிடைத்தது. அத்தகைய மணமுள்ள பெயர்களே, கோபத்துக்கு ஆள் திரட்டப் பயன்பட்டபோது, நாற்றமெடுத்த அழைப்பாக மாறிவிட்டன. ஊர்ப்பெயர், குடும்பப்பெயர், மொழியின் பெயர், ஜமாஅத்தின் பெயர் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஏன், மார்க்கத்தின் பெயருக்கே பொருந்தும். தண்ணீர் வரிசையில் தம் குடத்துக்காக எழுந்த சண்டையில், எதிரே நிற்பவர் வேற்று மதத்தவர் என்பதால் தம் மதத்தாரைத் துணைக்கு அழைக்கும் மனிதர், மார்க்கத்துக்குத் தொண்டு செய்கின்றாரா? தம் குடத்தை நிரப்ப மார்க்கத்தின் பெயரையல்லவா செலவிடுகின்றார்!

உதவியைச் சொல்லிக்காட்டிய நாவு

அந்நீர்த்துறைச் சண்டை அத்தோடு அடங்கவில்லை. நயவஞ்சகர்களின் தலைவனாகிய அப்துல்லாஹ் இப்னு உபை அதனைத் தனக்குக் கிடைத்த வாய்ப்பாகக் கொண்டான். வந்தவர்களுக்கு இடமும் பொருளும் கொடுத்து நாமே வளர்த்துவிட்டோம் என்னும் கருத்தில் தன் மக்களிடம் பேசினான். மதீனாவுக்குத் திரும்பியதும் வலிமையுடையோர் எளியோரை வெளியேற்றிவிடுவர் என்றும் கூறினான். முன்பு அன்போடு செய்த உதவி, இப்போது குற்றப்பட்டியலாக வாசிக்கப்பட்டது.

நம் வீடுகளிலும் இது நிகழ்வதில்லையா? அண்டை வீட்டார் வெளியூர் சென்றிருந்தபோது சாவியை வாங்கி வைத்திருந்தோம். அவர்கள் வீட்டில் பிரசவம் என்றதும் இரவோடு இரவாக ஆட்டோ பிடித்துக் கொடுத்தோம். பெருநாளில் பிரியாணி அனுப்பினோம். அவர்கள் பொங்கல் அனுப்பினார்கள். ஒரு நாள் குழாயடியில் ஒரு சொல் தடித்ததும் இவை அனைத்தையும் வீதியில் நின்று எண்ணிக் காட்டுகின்றோம். சொல்லிக்காட்டுவதாலும் துன்புறுத்துவதாலும் உங்கள் தருமங்களைப் பாழாக்கிவிடாதீர்கள் என்னும் பொருளில் அல்லாஹ் பகரா அத்தியாயத்தில் எச்சரித்திருப்பது நினைவில் இருக்கட்டும். ஒரு நிமிடக் கோபம், பல ஆண்டுகள் சேர்த்த நன்மையைத் துடைத்துவிடுகின்றது.

அண்ணலார் அளித்த மருந்து

இப்னு உபையின் பேச்சு, வயதில் இளையவரான ஸைத் இப்னு அர்கம் (ரலி) அவர்கள் வாயிலாகப் பெருமானாருக்குத் தெரியவந்தது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கொதித்தெழுந்து, அவனைக் கொன்றுவிட அனுமதி வேண்டினார்கள். அவனது குற்றத்துக்குச் சான்று இருந்தது. தண்டிக்கும் ஆற்றலும் பெருமானாருக்கு இருந்தது. எனினும் அவர்கள் இசையவில்லை. முஹம்மத் தம் தோழர்களையே கொல்கின்றார் என்று மக்கள் பேச இடமளிக்கலாகாது என்று மறுத்துவிட்டார்கள்.

அடுத்து அவர்கள் செய்தது வியப்பானது. படையைப் புறப்படுமாறு ஆணையிட்டார்கள். அது வழக்கமாகப் பயணம் புறப்படும் வேளையன்று. உஸைத் இப்னு ஹுளைர் (ரலி) அவர்கள் வந்து காரணம் வினவும் அளவுக்கு அது புதுமையாக இருந்தது. அன்று மாலை வரை நடந்தனர். இரவு முழுவதும் நடந்தனர். மறுநாள் வெயில் சுடும் வரை நடந்தனர். பிறகு ஓரிடத்தில் இறங்கினர். உடல் தரையில் பட்டதும் அனைவரும் உறங்கிவிட்டனர். முந்திய நாளின் பேச்சிலிருந்து மக்களின் மனத்தைத் திருப்புவதற்காகவே பெருமானார் இவ்வாறு செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் (ரஹ்) தெரிவிக்கின்றார்.

எத்துணை ஆழ்ந்த மதிநுட்பம்! கூடாரங்களில் அமர்ந்திருந்தால் மக்கள் என்ன செய்திருப்பார்கள்? இவன் அடித்தான், அவன் திட்டினான் என்று ஒவ்வொரு கூடாரத்திலும் பேச்சு வளர்ந்திருக்கும். பொழுது விடிவதற்குள் இருவரின் சண்டை இருநூறு பேரின் சண்டையாகி இருக்கும். சும்மா இருக்கும் நாவே கோபத்துக்கு விறகு என்பதை அறிந்த பெருமானார், கால்களுக்கு வேலை கொடுத்து நாவுக்கு ஓய்வளித்தார்கள்.

தந்தை செய்த பிழையை அறிந்த இப்னு உபையின் மகன், உண்மையான நம்பிக்கையாளர். அவர் பெருமானாரிடம் வந்து, தண்டனை தரப்படுமானால் அதைத் தாமே நிறைவேற்ற முன்வந்தார். வேறொருவர் தம் தந்தையைக் கொன்றால், அவரைக் காணும்போது தம் உள்ளம் பழிவாங்கத் தூண்டுமோ என அவர் அஞ்சினார். பெருமானாரோ, அவன் நம்மோடு இருக்கும் வரை அவனோடு மென்மையாகவும் நல்லுறவோடும் நடந்துகொள்வோம் என்னும் கருத்துப்பட விடையளித்தார்கள். அதன் பின்னர் அவன் தவறு செய்யும்போதெல்லாம் அவனுடைய சொந்த மக்களே அவனைக் கண்டிக்கலாயினர். அன்றே அவனைக் கொன்றிருந்தால் அவனுக்காகச் சிலர் சினந்து எழுந்திருப்பர் என்பதைப் பெருமானார் பின்னொரு நாள் ஹஜ்ரத் உமர் அவர்களுக்கு எடுத்துக்காட்ட, அல்லாஹ்வின் தூதருடைய முடிவே தம் கருத்தினும் அருள் நிறைந்தது என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

இன்றைய கூக்குரல்

இப்போது நம்மை நாமே எண்ணிப் பார்ப்போம். நாம் நீர்த்துறையில் நின்று கூவுவதில்லை. நம் கையிலே கைப்பேசி இருக்கின்றது. குடியிருப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, குடும்பத்துக்கு ஒரு குழு, தெருவுக்கு ஒரு குழு. மோட்டாரை நிறுத்தாத ஒருவரைப் பற்றி இரவு பத்து மணிக்கு ஒருவர் குரல் பதிவு அனுப்புகின்றார். அதனை நாற்பது குடும்பங்கள் கேட்கின்றன. நேரில் சென்று கதவைத் தட்டிக் கூறியிருந்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் செய்தி அது. இப்போது குற்றம் சாட்டப்பட்டவர் தம் மானத்தைக் காக்க நாற்பது பேர் முன்னிலையில் பதில் கூறியாக வேண்டும். அவருக்கு ஆதரவாகச் சிலர். இவருக்கு ஆதரவாகச் சிலர். முரைஸீஃயில் எழுந்த கூக்குரலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கணவன் மனைவிக்கிடையே ஒரு மனத்தாங்கல் ஏற்படுகின்றது. உடனே பெண் தன் தாய்வீட்டுக்கு அழைப்பு விடுக்கின்றாள். ஆண் தன் அண்ணன் தம்பிகளுக்குச் செய்தி அனுப்புகின்றான். அவர்கள் இருவரும் இரவில் சமாதானமாகிவிடுகின்றனர். ஆனால் அழைக்கப்பட்ட இரு குடும்பங்களின் கோபம் ஆண்டுக்கணக்கில் ஆறுவதில்லை. ஒருவருடைய கோபத்துக்குத் துணையாக வந்தவரின் கோபம், அவருடையதைக் காட்டிலும் நீண்ட நாள் வாழ்கின்றது. தாய்மார்களே, தந்தைமார்களே! கோபத்தில் உங்களை அழைக்கும் பிள்ளைகளுக்குச் செவி கொடுங்கள், ஆறுதல் கூறுங்கள், கொடுமை நடக்கின்றது என்றால் தயங்காமல் காப்பாற்றுங்கள். சாதாரண மனத்தாங்கலாயின், படைதிரட்டிப் புறப்படாதீர்கள்.

கோபம் மனித இயற்கை. அது உள்ளத்தில் எழுவதற்காக மட்டும் இறைவன் நம்மைப் பிடிப்பதில்லை. அதனை நாவில் ஏற்றி, பிறர் நெஞ்சில் விதைத்து, கூட்டம் சேர்க்கும்போதுதான் அது நம் கட்டுப்பாட்டை மீறிப் பெரும் பாவங்களுக்கு வழி திறக்கின்றது. புறம்பேசுதல், அவதூறு, உறவை முறித்தல் ஆகியவை அவ்வழியே நுழைகின்றன.

நீதியும் வேண்டும்

பொறுத்துக்கொள் என்று மட்டும் கூறிவிட்டு மார்க்கம் ஒதுங்கிவிடவில்லை. கோபத்தின் காரணத்தை நீக்கவும் அது வழிகாட்டியது. மதீனாவில் ரூமா என்னும் கிணறு இருந்தது. அதன் நீர் விலைக்கு விற்கப்பட்டது, எளியோர் துன்புற்றனர். பெருமானாரின் தூண்டுதலால் ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் அதனை விலைக்கு வாங்கிப் பொதுவாக்கினார்கள். விலை கொடுத்தவரின் வாளிக்கும் மற்றவர்களின் வாளிக்கும் அங்கே சம உரிமை என்பதே நிபந்தனை. நம் குடியிருப்புகளில் நிர்வாகப் பொறுப்பில் இருப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். தண்ணீர் விடும் நேரத்தை எழுதி ஒட்டுங்கள். வரிசையைச் சரியாக நடத்துங்கள். உங்கள் வீட்டுக் குடமும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். பாதிக் கோபம் அங்கேயே தணிந்துவிடும்.

நீதியின் முன் கோபம் கொண்டவர் என்ன இழந்தார் என்பதற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஹர்ரா என்னும் இடத்தின் நீர்க்கால்வாய் தொடர்பாக ஹஜ்ரத் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் வழக்கு ஏற்பட்டது. ஸுபைர் அவர்களின் தோட்டம் மேலே இருந்தது. அவர் தம் மரங்களுக்கு ஓரளவு நீர் பாய்ச்சிவிட்டு, அண்டை வீட்டாருக்கு விட்டுவிடட்டும் என்று பெருமானார் இருவருக்கும் இசைவாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த அன்ஸாரியோ, ஸுபைர் உங்கள் அத்தை மகன் என்பதாலன்றோ இவ்வாறு கூறுகின்றீர்கள் என்னும் பொருளில் சினந்து பேசிவிட்டார். பெருமானாரின் முகம் நிறம் மாறியது. பின்னர், மரங்களைச் சுற்றியுள்ள வரப்பை எட்டும் வரை நீரைத் தேக்கிக்கொண்டு அதன் பிறகே விடுமாறு ஸுபைர் அவர்களுக்கு அவருடைய முழு உரிமையையும் வழங்கினார்கள். முதல் தீர்ப்பில் அன்ஸாரிக்குச் சலுகை இருந்தது. நடுவர் மீதே ஐயம் கொண்ட கோபத்தால் அச்சலுகையை அவரே கைநழுவ விட்டார்.

இங்கே நடுவராக அமர்வோருக்கும் ஒரு கடமை உண்டு. கோபமாயிருக்கும் நிலையில் இருவருக்கிடையே தீர்ப்பளிக்கலாகாது என்பது நபிமொழி. ஜமாஅத் நிர்வாகிகளும் குடியிருப்புச் சங்கத்தாரும் சண்டை நடந்த அன்றிரவே கூட்டம் கூட்டுவதைத் தவிர்த்து, ஓரிரு நாள் கழித்து இரு தரப்பாரையும் தனித்தனியே சந்தித்துப் பேசுவதே நலம் பயக்கும்.

உடைந்த தட்டு

வீட்டுக்குள்ளும் இந்தப் பண்பு எவ்வளவு அழகாக விளங்கிற்று என்பதற்கு நாயகத்தின் இல்லமே சான்று. ஒரு நாள் பெருமானார் தம் துணைவியருள் ஒருவர் இல்லத்தில் விருந்தினரோடு இருந்தார்கள். மற்றொரு துணைவியார் ஒரு தட்டில் உணவு அனுப்பியிருந்தார். இல்லத்துக்குரிய துணைவியார் பொறாமை மேலிட்டுப் பணியாளரின் கையைத் தட்டிவிட, தட்டு விழுந்து உடைந்தது, உணவு சிதறியது. விருந்தினர் முன்னிலையில் நடந்த செயல் இது! எந்தக் குடும்பத் தலைவனுக்கும் முகம் சிவக்கும் நேரம் அன்றோ? பெருமானார் தாமே குனிந்து உடைந்த துண்டுகளைச் சேர்த்தார்கள்; சிதறிய உணவைத் திரட்டினார்கள்; உங்கள் அன்னைக்குப் பொறாமை வந்துவிட்டது என்னும் கருத்தில் விருந்தினரிடம் மெல்லக் கூறினார்கள். பிறகு உடைத்தவர் இல்லத்திலிருந்து ஒரு நல்ல தட்டை எடுத்து, தட்டை இழந்தவருக்கு அனுப்பினார்கள்.

எதையும் அவர்கள் மறைக்கவில்லை. இழப்பை ஈடுசெய்யாமலும் விடவில்லை. எனினும், விருந்தினர் எவரையும் அந்தக் கோபத்தில் பங்காளியாக்கவில்லை. ‘அன்னை’ என்னும் ஒரு சொல்லால் துணைவியாரின் மதிப்பையும் காத்துவிட்டார்கள். கூட்டுக் குடும்பத்தில் வாழும் சகோதரிகளும், மாமியாரும் மருமகளும் இந்நிகழ்ச்சியை மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்க்கத்தக்கது.

உள்ளே புதையும் கோபம்

வாயைக் கட்டிவிட்டால் போதுமா? போதாது. ஹிஜ்ரி 505ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தம் இஹ்யா உலூமித்தீன் நூலில் கோபம், வன்மம், பொறாமை ஆகிய மூன்றையும் ஒரே பகுதியில் சேர்த்து ஆராய்ந்துள்ளார்கள். காரணம் என்ன? பழிவாங்க இயலாமையால் அடக்கப்பட்ட கோபம் உள்ளே திரும்பி வன்மமாகின்றது. வன்மம் பொறாமையைப் பெறுகின்றது என்பது அவர்கள் கண்ட உண்மை. அருள்மறையில் கோபத்தை விழுங்குவதற்கு அடுத்தே மன்னிப்பு வருவதன் நுட்பம் இப்போது விளங்குகின்றதல்லவா? விழுங்கியதை மன்னிப்பால் செரிக்கச் செய்யாவிட்டால் அது நஞ்சாகிவிடும்.

ஆகவேதான் ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாள்களுக்கு மேல் பேசாதிருத்தல் ஆகாது என்றும், அவ்விருவரில் முந்திச் ஸலாம் கூறுபவரே சிறந்தவர் என்றும் பெருமானார் எல்லை வகுத்தார்கள். மனம் ஆறுவதற்கு மூன்று நாள் அவகாசம் உண்டு. நான்காம் நாள் படிக்கட்டில் எதிர்ப்படும்போது வாய் திறந்தாக வேண்டும்.

எழுகின்ற கோபத்தைத் தணிக்கவும் எளிய வழிகளை அண்ணலார் கற்பித்தார்கள். நின்றுகொண்டிருப்பவர் அமரட்டும், அப்படியும் தணியாவிடில் படுத்துக்கொள்ளட்டும். ஷைத்தானின் தீங்கிலிருந்து இறைவனிடம் பாதுகாவல் தேடட்டும். மௌனமாக இருக்கட்டும். கோபம் நெருப்பின் தொடர்புடையது, நெருப்பை நீர் அணைக்கும், எனவே உளூச் செய்துகொள்ளட்டும் என்னும் அறிவிப்பும் அபூதாவூத் நூலில் உள்ளது. சண்டைக்குக் காரணமான அதே தண்ணீரே சண்டைக்கு மருந்தாகவும் ஆகின்றது பாருங்கள்! ஒரு குடம் தண்ணீருக்காகக் கோபம் வந்தால், அதில் ஒரு செம்பு எடுத்து உளூச் செய்யுங்கள். கைப்பேசியில் பேசத் தொடங்கியிருந்தால் அனுப்பாமல் அழித்துவிடுங்கள். மறுநாள் காலையில் கதவைத் தட்டி நேரில் பேசுங்கள்.

மார்க்கத்தின் உரிமை மீறப்பட்டபோது பெருமானார் சினந்ததுண்டு. தமக்காக எவரிடமும் பழிவாங்கியதில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சான்று பகர்ந்துள்ளார்கள். எனவே அநீதியை எதிர்ப்பதும், எளியவருக்காகக் குரல் கொடுப்பதும், தேவையான இடத்தில் சட்டத்தை நாடுவதும் தவறாகா. எனினும், நான் எழுவது நீதிக்காகவா, என் செருக்குக்காகவா என்று நெஞ்சைக் கேட்டுவிட்டு எழுங்கள்.

அண்டை வீட்டுக் குரல்

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களைப் பற்றிக் கூஃபா நகரத்து நிகழ்ச்சி ஒன்று நூல்களில் கூறப்படுகின்றது. அவர்களுடைய அண்டை வீட்டில் செருப்புத் தைக்கும் ஒருவர் வாழ்ந்தார். இரவில் மது அருந்திவிட்டு உரக்கப் பாடுவார். இமாம் அவர்களோ இரவெல்லாம் தொழுபவர்கள். ஓர் இரவு அந்தக் குரல் கேட்கவில்லை. விசாரித்தபோது, காவலர்கள் அவரைப் பிடித்துச் சென்றுவிட்டதாகத் தெரிந்தது. தொல்லை நீங்கியது என்று இமாம் மகிழவில்லை. ஆளுநரிடம் நேரில் சென்று அண்டை வீட்டாரை மீட்டு வந்தார்கள். அந்த மனிதர் நாணி, மதுவை விட்டுவிட்டார். ஆயிரம் கண்டனம் செய்ய முடியாததை ஓர் உபகாரம் செய்தது.

வாசகப் பெருமக்களே! 2019இல் வறண்ட அதே செம்பரம்பாக்கம் ஏரி, அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு என்ன நிலையில் இருந்தது? 2015 டிசம்பர் தொடக்கத்தில் அது நிரம்பி, வினாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. அடையாற்றின் கரைகள் மூழ்கின. சென்னையில் பள்ளிவாசல்கள் பல தம் கதவுகளைத் திறந்து, சாதி மதம் கேளாமல் மக்களுக்குத் தங்க இடமும் உண்ண உணவும் அளித்தன. இளைஞர்கள் கழுத்தளவு நீரில் இறங்கி முதியோரைத் தூக்கி வந்தார்கள். அன்று எவரும் எந்தக் கூட்டத்தின் பெயரையும் சொல்லி அழைக்கவில்லை. உதவி என்று கேட்ட குரலுக்கு ஓடினார்கள். வெள்ளத்தில் மனிதர்களாக நின்ற நாம், வறட்சியிலும் குழாயடியிலும் படிக்கட்டிலும் மனிதர்களாக நிற்க இயலாதா? இயலும்! உதவிக்காகத் திரளும் கூட்டத்துக்கு அல்லாஹ்வின் அருள் உண்டு. கோபத்துக்காகத் திரளும் கூட்டத்தைப் பெருமானார் வெறுத்தார்கள். இவ்விரண்டில் எதற்கு ஆள் சேர்க்கின்றோம் என்பதை ஒவ்வொரு நாளும் நாமே தேர்ந்துகொள்கின்றோம்.

இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது, பல நாள்களாகப் பேசாதிருக்கும் அண்டை வீட்டாரின் கதவு உங்கள் வழியில் இருக்கக்கூடும். முந்திச் சென்று ஸலாம் கூறுங்கள். அவர் சகோதர சமயத்தவராயின் முகமலர்ச்சியோடு நலம் விசாரியுங்கள். அவர் பதில் கூறாவிட்டாலும் உங்கள் நன்மை இறைவனிடம் எழுதப்பட்டுவிடும்.

யா அல்லாஹ்! எங்கள் கோபத்தை விழுங்கும் வலிமையையும், விழுங்கியதை மன்னிக்கும் மனத்தையும் எங்களுக்கு அருள்வாயாக! எங்கள் இல்லங்களிலும் தெருக்களிலும் அமைதியை நிலைநாட்டுவாயாக! ஆமீன்.